நந்தியாவட்டைப் புழுவை அந்துப்பூச்சியாக வளர்த்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

நந்தியாவட்டையிலும் அரளியிலும் விரல் பருமனுக்கு ஒரு பச்சைப் புழு வரும். தலைக்குச் சற்றுப் பின்னால் நீலக் கண்போல் இரண்டு புள்ளிகள், வால் பக்கம் ஒரு கொம்பு. அரளிப் பருந்து அந்துப்பூச்சியின் புழு இது. அறிவியல் பெயர் டாஃப்னிஸ் நெரி. முதல்முறை புழு வளர்ப்பவர்களுக்கு இதைவிடத் தோதான புழு கிடையாது. மயிர் இல்லை, கொட்டாது, தீனிச்செடி தெருவுக்குத் தெரு நிற்கிறது. நம் ஊர் வெயிலில் முட்டையிலிருந்து பூச்சி பறக்கும்வரை ஐந்து, ஆறு வாரம் போதும்.

வீட்டில் வளர்க்கும் புழுக்கள் பாதியில் சாவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அடுத்த கட்டத்துக்கு வேண்டியதை, புழு அந்தக் கட்டத்துக்குப் போன பிறகு தேடுவது. இலை தீர்ந்த இரவில் செடி தேடுவார்கள். புழு நிறம் மாறி ஓட ஆரம்பித்த பிறகு மண் தேடுவார்கள். கீழே உள்ள வரிசை, எப்போதும் ஒரு படி முன்னால் இருப்பதற்காக.

1. முதலில் செடி, பிறகு புழு

புழுவைக் கண்டதும் டப்பாவில் போட்டுக் கொண்டுவருவதுதான் எல்லோரும் செய்வது. அதைச் செய்யாதீர்கள். மூன்று வாரத்துக்கு இலை கொடுக்கக்கூடிய செடி உங்களுக்கு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஒற்றை நந்தியாவட்டை, அடுக்கு நந்தியாவட்டை, செவ்வரளி, வெள்ளரளி ஆகியவற்றில் இந்தப் புழு வளரும். நித்தியகல்யாணியையும் தின்னும், ஆனால் இலை சின்னது, சீக்கிரம் தீர்ந்துவிடும். வீட்டில் வளர்க்க நந்தியாவட்டையே நல்லது. அரளி உடம்பெல்லாம் விஷம்: இலை, பூ, பால், கிளை ஊறிய தண்ணீர்கூட. சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வீட்டில் அரளிக் கிளையை அறுத்து வந்து வைப்பது வீண் வம்பு.

இடுப்பளவு உயரமுள்ள நந்தியாவட்டை ஒன்று இரண்டு புழுக்களைத் தாங்கும். மருந்து அடிக்காத செடியாக இருக்க வேண்டும். நர்சரியிலிருந்து போன வாரம் வாங்கி வந்த செடி ஆகாது. வேர் வழியாக ஏறும் பூச்சிமருந்து கொடுத்திருந்தால் இலையைக் கழுவினாலும் போகாது. நெடுஞ்சாலை நடுத்தடுப்பில் நிற்கும் அரளியும் வேண்டாம். புகை, தூசி, எப்போது என்ன அடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

சந்தேகம் இருந்தால் ஒரே ஒரு புழுவுக்கு அந்த இலையை ஒருநாள் கொடுத்துப் பாருங்கள். மருந்து இருந்தால் சில மணி நேரத்திலேயே புழு உடம்பை முறுக்கும், பச்சை நீர் கக்கும், பிடி விட்டுக் கீழே விழும்.

2. எடுத்து வைக்க வேண்டியவை

அரை லிட்டர் கொள்ளும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று. இது சின்னப் புழுவுக்கு. வாய் அகன்ற ஐந்து லிட்டர் வாளி அல்லது ஜாடி ஒன்று, அதன் வாயைக் கட்டக் கொசுவலைத் துணியும் எலாஸ்டிக்கும். இது பெரிய புழுவுக்கு. டிஷ்யூ பேப்பர், பழைய செய்தித்தாள், மெல்லிய பெயின்ட் பிரஷ், கூர்மையான கத்தரிக்கோல். கூட்டுப்புழுக் கட்டத்துக்கு இதைவிட உயரமான இன்னொரு வாளி, அதன் அடியில் ஐந்து சென்டிமீட்டர் நிரப்பத் தேங்காய் நார்க்கழிவு, உலர்ந்த சருகு ஒரு பை. சருகை முன்பே நல்ல வெயிலில் ஒருநாள் காயவைத்து எறும்பும் பூச்சியும் இல்லாமல் எடுத்து வையுங்கள்.

வைக்கும் இடம்தான் இதையெல்லாம்விட முக்கியம். கொசுவத்திச் சுருளோ, பிளக்கில் செருகும் கொசு மருந்தோ இருக்கும் அறையில் புழு பிழைக்காது. அவற்றில் இருப்பது பூச்சியைக் கொல்லும் பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவுக்கும் புழுவுக்கும் அது வித்தியாசம் பார்க்காது. எறும்புச் சாக்குக்கட்டி, நாய்க்குத் தடவும் உண்ணிப் பவுடர் பட்ட கை எல்லாம் அதே கணக்கில் சேரும்.

நேர் வெயில் படாத, காற்றோட்டமுள்ள இடம் போதும். எறும்பு வரும் வீடு என்றால் அகன்ற தட்டில் தண்ணீர் ஊற்றி, நடுவில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் டப்பாவை வையுங்கள். தோலுரிக்கும் புழுவையும் புதிதாகக் கூடான புழுவையும் எறும்பு ஒரே இரவில் முடித்துவிடும்.

3. தேடும் முறை

செடியைப் பார்த்துக்கொண்டு நின்றால் புழு தெரியாது. இலையும் புழுவும் ஒரே பச்சை. தரையைப் பாருங்கள்.

பெரிய புழுவின் புழுக்கை, மிளகைவிடச் சற்றுப் பெரிதாக, பீப்பாய் வடிவில், நீளவாக்கில் வரிபோட்டதுபோல் இருக்கும். சிமென்ட் தரையில் செடி நின்றால் எளிதாகக் கண்ணில் படும். அமுக்கினால் ஈரமாக நசுங்குவது இன்று விழுந்தது. கறுத்து உலர்ந்து உருளுவது பழையது. புதுப் புழுக்கைக்கு நேர் மேலே அண்ணாந்து பார்த்து, இலையில்லாமல் காம்பு மட்டும் நிற்கும் கிளையைத் தேடுங்கள். அதற்கு ஓரிரு கிளை தள்ளி, தண்டின் அடிப்பக்கத்தில் புழு ஒட்டிக்கொண்டிருக்கும். பகலில் பெரிய புழு தின்ற இடத்தைவிட்டுச் சற்று உள்ளே ஒதுங்கும். அந்தியில் டார்ச் அடித்துத் தேடினால் மேலே வந்து தின்றுகொண்டிருக்கும்போதே பிடிபடும்.

மழை பெய்து செடி தளிர் விடும் நாட்களில் தேடுவது நல்லது. தாய்ப்பூச்சி இளந்தளிரைப் பார்த்துத்தான் முட்டையிடும். கவாத்துப் பண்ணிய செடி புதுத்தளிர் விடும் சமயமும் அப்படியே. முட்டை ஒவ்வொன்றாக, இலையின் மேலோ அடியிலோ இருக்கும். கடுகைவிடக் கொஞ்சம் சின்னதாக, வெளிர்பச்சையாக, உருண்டையாக மினுங்கும்.

முடிந்தால் முட்டையோ இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த சின்னப் புழுவோ எடுங்கள். புதியவர்கள் பெரிய புழுவைத்தான் விரும்புவார்கள், சீக்கிரம் வேலை முடியும் என்று. ஆனால் ஒரு புழு செடியில் எத்தனை நாள் இருந்ததோ அத்தனை நாளும் ஒட்டுண்ணி ஈக்கும் குளவிக்கும் திறந்து கிடந்தது. பெரிய புழுவுக்குள் ஏற்கெனவே வேறொன்று வளர்ந்துகொண்டிருக்கலாம். வெளியே பார்த்துச் சொல்ல முடியாது.

சரணாலயம், தேசியப் பூங்கா, காப்புக்காடு எதிலும் எடுக்கக் கூடாது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பூச்சிகளுக்கும் உண்டு. வீட்டுத் தோட்டமும் தெருவோரமும் போதும்.

4. இது அந்தப் புழுதானா?

முட்டையிலிருந்து வந்ததும் மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளம், மஞ்சள் நிறம், உடம்புக்குப் பொருந்தாத நீளத்தில் மெல்லிய கறுப்புக் கொம்பு. இலை தின்றதும் பச்சையாகும். கொஞ்சம் வளர்ந்ததும் தலைக்குப் பின்னால் கண்புள்ளி தெரிய ஆரம்பிக்கும். கடைசிப் பருவத்தில் ஏழெட்டு சென்டிமீட்டர் இருக்கும். பக்கவாட்டில் வெள்ளைக் கோடு, அதை ஒட்டிச் சிறு வெண்புள்ளிகள், கொம்பு குட்டையாகி மஞ்சள் கலந்த ஆரஞ்சு நிறம். தொட்டால் தலையை உள்ளே இழுத்து முன்பக்கத்தை உப்ப வைத்துக் கண்ணைக் காட்டி மிரட்டும். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யாது.

மூன்று குழப்பங்கள் வழக்கமாக வரும். எலுமிச்சை, கறிவேப்பிலையில் இருக்கும் கண்புள்ளிப் பச்சைப் புழு வேறு, அது வண்ணத்துப்பூச்சி. வாலில் கொம்பு கிடையாது, சீண்டினால் தலைப்பக்கத்திலிருந்து சிவந்த கவைபோல் ஒன்றை நீட்டி நாற்றம் விடும். அரளியிலேயே, உடம்பில் நீளமான கறுப்பு இழைகள் ஜோடி ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும் வரிப்புழு இருந்தால் அதுவும் வண்ணத்துப்பூச்சிதான். அதன் கூடு இலையடியில் தொங்கும், மண் வேண்டாம். நந்தியாவட்டை இலைகளை நூலால் ஒட்டிச் சுருட்டி உள்ளே இருக்கும் மெல்லிய பச்சைப் புழுவும் அந்துப்பூச்சியே, ஆனால் வேறு இனம், இந்தக் குறிப்புகள் அதற்குச் செல்லாது.

மயிர் உள்ள எதையும் வெறுங்கையால் தொடாதீர்கள். முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியின் மயிர் தோலில் குத்தினால் நாள் முழுக்க அரிக்கும். கம்பளிப்பூச்சி வளர்ப்பது பழகிய கைகளுக்கான வேலை.

5. பிடுங்காமல் கொண்டுவருவது

புழுவின் பின்பாதியில் இருக்கும் போலிக்கால்களில் நுண்ணிய கொக்கிகள் உண்டு. இழுத்தால் புழு விடாது. கால் கிழிந்து உடம்பு நீர் கசியும். அந்தக் காயம் ஆறாமல் அடுத்த தோலுரிப்பில் மாட்டிக்கொண்டு சாகும்.

கிளையோடு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் வழியும் பால் கண்ணிலோ வாயிலோ படக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். கிளையை டப்பாவில் வைத்து நிழலில் கொண்டுவாருங்கள். மூடிய காரிலும் ஸ்கூட்டர் பெட்டியிலும் வெயிலில் பத்து நிமிடம் விட்டால் வெந்துவிடும்.

எந்தச் செடியில் கிடைத்ததோ அதே செடியின் இலையையே கடைசிவரை கொடுங்கள். அரளியில் பிறந்த புழு நந்தியாவட்டையை மோந்துகூடப் பார்க்காமல் பட்டினி கிடக்கலாம். கிடைத்த தேதியையும் செடியையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவில் ஒட்டுங்கள். கூடான நாளை ஞாபகத்தில் வைத்துக்கொள்வோம் என்று நினைப்பவர்கள் யாரும் வைத்துக்கொள்வதில்லை.

6. சின்னப் புழு: மூடிய டப்பா

முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும். பொரிவதற்கு முன் வெளிறி, உள்ளே புழு சுருண்டிருப்பது தெரியும். முழுக்கக் கறுத்துப்போன முட்டையில் நுண்குளவி இருக்கிறது, தனியே எடுத்துவிடுங்கள்.

டப்பாவின் அடியில் டிஷ்யூ பேப்பர் ஒன்றை விரித்து, இளந்தளிர் இரண்டு மூன்று இலை வைத்து மூடுங்கள். மூடியில் ஓட்டை போட வேண்டாம். இது பலருக்கு நம்ப முடியாத விஷயம். ஆணி சுட்டு இருபது ஓட்டை போடுவார்கள். இலை நாலு மணி நேரத்தில் வதங்கும், புழு ஓட்டை வழியாக வெளியே போகும். அரை லிட்டர் காற்று இவ்வளவு சின்ன உயிருக்குத் தாராளம். தினம் ஒருமுறை திறந்து மூடினால் போதும்.

இலையைக் கழுவலாம், ஆனால் துணியால் ஒற்றி முழுக்கக் காயவைத்த பிறகே வையுங்கள். சின்னப் புழு ஒரு சொட்டுத் தண்ணீரில் மூழ்கிச் சாகும். பெரிய புழுவுக்கு ஈர இலை வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். குடிக்கத் தண்ணீர் தனியாக வைக்க வேண்டியதில்லை, இலையிலேயே இருக்கிறது.

தினம் காலையில் பேப்பரை மாற்றுங்கள். புழுவைப் பழைய இலையோடு புது இலைமேல் வைத்துவிட்டால் தானாக ஏறிக்கொள்ளும். நகர்த்தியே ஆக வேண்டும் என்றால் பிரஷ் நுனியால், பின்பக்கத்தை மெல்லத் தொட்டு முன்னே நடக்க விடுங்கள். டப்பாச் சுவரில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தால் மூடியைச் சற்று நேரம் திறந்து வையுங்கள். ஈரமும் புழுக்கையும் சேர்ந்தால் பூஞ்சை.

7. அசையாத புழு செத்த புழு அல்ல

புழுப்பருவத்தில் நான்கு முறை தோல் உரிக்கும். ஒவ்வொரு முறையும் ஒருநாள், சில சமயம் ஒன்றரை நாள் சாப்பிடாது, நகராது, முன்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு கல்போல் இருக்கும். உற்றுப்பார்த்தால் பழைய தலை முன்னே தள்ளப்பட்டு, கழுத்து உப்பியிருப்பது தெரியும்.

இந்த நேரத்தில் எழுப்பிப் பார்ப்பதும், இலையிலிருந்து பிய்த்துப் புது இலைக்கு மாற்றுவதும்தான் வளர்ப்பவர்கள் செய்யும் பெரிய கொலை. புழு தன் பின்கால்களை, இலைமேல் தானே நூற்ற நூல் விரிப்பில் மாட்டி வைத்திருக்கும். அந்தப் பிடிமானத்தைக் கொண்டுதான் பழைய தோலை விட்டு முன்னே ஊர்ந்து வெளியேறும். பிடிமானம் போனால் தோல் வால்பக்கம் மாட்டிக்கொள்ளும். இலை வதங்கியிருந்தாலும் அப்படியே விடுங்கள். பக்கத்தில் புது இலை வையுங்கள், எழுந்து வரும்.

உரித்த தோலைப் புழுவே தின்னும். அதை அசிங்கம் என்று எடுத்துப் போட வேண்டாம்.

8. கடைசிப் பருவத்தின் பசி

நான்காவது தோலுரிப்புக்குப் பின் எல்லாம் மாறிவிடும். வாழ்நாளில் தின்னும் மொத்த இலையில் முக்கால் பங்குக்கு மேல் இந்த ஒரு வாரத்துக்குள் போகும். நேற்றுவரை மூன்று இலையில் திருப்தியாக இருந்த புழு, இன்று காம்பையும் சேர்த்துத் தின்னும். ஒரு புழுவுக்கு நாளைக்கு இருபது நந்தியாவட்டை இலைக்குக் குறையாமல் தயாராக இருங்கள். தளிர் வேண்டியதில்லை, முற்றிய இலையே நல்லது. இந்தப் பருவத்தில் தளிர் மட்டும் கொடுத்தால் புழுக்கை இளகும்.

இப்போது ஐந்து லிட்டர் வாளிக்கு மாற்றுங்கள். மூடிய டப்பா இனி ஆகாது, ஏனென்றால் புழுக்கையின் ஈரம் அதிகம். வாயைக் கொசுவலைத் துணியால் கட்டுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு புழு, மிஞ்சினால் மூன்று. நெரிசலில் ஒன்றையொன்று மிதிக்கும், கொம்பைக் கடிக்கும், ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வரும்.

கிளையாக வெட்டித் தண்ணீர்ப் பாட்டிலில் செருகி வைத்தால் இலை இரண்டு நாள் நிற்கும். ஆனால் வெட்டுவாயில் பால் உறைந்து அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. வெட்டியதும் நுனியைத் தண்ணீரில் அமிழ்த்திப் பால் வழிவது நின்றபின், தண்ணீருக்குள்ளேயே மறுபடி ஒரு அங்குலம் வெட்டுங்கள். பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக்கமாக அடையுங்கள். திறந்து விட்டால் புழு காம்பு வழியே இறங்கித் தண்ணீருக்குள் போகும். நின்று திரும்பும் புத்தி அதற்குக் கிடையாது.

அரளிக் கிளை வைத்த தண்ணீரைக் கண்ட இடத்தில் வைக்காமல் உடனே கொட்டுங்கள். தின்று மிஞ்சிய அரளி இலையை ஆடு மாடு எட்டும் குப்பையில் போடாதீர்கள்.

மூன்று நாளைக்கான இலையைப் பாலிதீன் உறையில் போட்டு ஃபிரிட்ஜின் காய்கறித் தட்டில் வைக்கலாம். கொடுக்குமுன் அரை மணி நேரம் வெளியே வைத்துக் குளிர் போகட்டும். அரளி இலையை மட்டும் சாப்பாட்டுப் பொருள் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம், அன்றன்றைக்கு வெட்டுங்கள்.

9. நோயும் ஒட்டுண்ணியும்

நல்ல புழுவின் புழுக்கை உதிரி உதிரியாக, கெட்டியாக விழும். அது குழைந்து ஒட்டினால் முதல் எச்சரிக்கை. ஈர இலை, அழுக்கு, புழுக்கம், நெரிசல் ஆகிய நான்கில் எது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். அன்றே சரிசெய்தால் புழு பெரும்பாலும் தேறும்.

புழு உடம்பு தளர்ந்து, பின்கால்களால் மட்டும் பிடித்துத் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தோல் கிழிந்து கலங்கல் நீராக வழிந்தால் வைரஸ். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் பால்புழு என்று சொல்லும் நோயின் உறவு. மருந்து கிடையாது. அந்தப் புழுவையும் இலையையும் பேப்பரோடு சுருட்டிப் புதைத்துவிட்டு, வாளியைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிறகு லிட்டருக்கு 20 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அலசி, வெயிலில் காயவையுங்கள். பிரஷ்ஷை மறக்காதீர்கள், அதுதான் ஒரு டப்பாவிலிருந்து இன்னொரு டப்பாவுக்கு நோயைச் சுமக்கும்.

புழுவின் முதுகில் அரிசிபோல் வெள்ளையாகக் குத்திட்டு நின்றால் ‘புழு முட்டை போட்டிருக்கிறது’ என்று மகிழ்வார்கள். புழு முட்டை போடாது. குளவிக் குஞ்சுகள் புழுவை உள்ளே தின்று வெளியே வந்து கட்டிய கூடுகள் அவை. அந்தப் புழு பிழைக்காது. தலையருகே தோலில் தட்டையாக ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு வெள்ளைப் புள்ளிகள் என்றால் ஈ முட்டை. பொரியாமல் இருந்தால் ஊசி முனையால் நெம்பி எடுத்துவிடலாம். பொரிந்து உள்ளே போயிருந்தால், புழு கூடாகும் சமயத்தில் வெண்புழுக்கள் வெளியே வந்து செம்பழுப்பு நிறத்தில் சிறு பீப்பாய்களாக உருண்டு கிடக்கும்.

10. நிறம் மாறும் நாள்

கடைசிப் பருவத்தின் ஆறாவது ஏழாவது நாளில், தின்றுகொண்டிருந்த புழு திடீரென்று நிறுத்தும். இளகிய பெரிய கழிவு ஒன்று போகும். அதை வயிற்றுப்போக்கு என்று பயப்பட வேண்டாம், குடலைக் காலி செய்கிறது. சில மணி நேரத்தில் முதுகு பழுப்பாகி, பிறகு முழுக்கக் கத்தரிப்பூ கலந்த கறுப்பாக மாறும். கண்புள்ளி கறுத்துவிடும். புழு கீழே இறங்கி ஓயாமல் சுற்றும்.

இப்போதுதான் பாதிப் பேர் புழுவைத் தொலைக்கிறார்கள். துணி தளர்வாக இருந்தால் இடுக்கில் நுழைந்து வெளியே போய், பீரோ அடியில் காய்ந்து கிடக்கும். இன்னும் சிலர் கறுத்துப்போனதும் செத்துவிட்டது என்று தூக்கிப் போடுகிறார்கள்.

இந்தப் புழு ஆழமாக மண்ணைத் தோண்டாது. தரையில் சருகுகளை நூலால் லேசாக இழுத்துக் கட்டி, அதற்குள் கூடாகும். அதனால் மண்ணைவிடச் சருகு முக்கியம். நான்காவது தோலுரிப்பு முடிந்த மூன்றாம் நாளே உயரமான அந்த இன்னொரு வாளியைத் தயார் செய்யுங்கள்: அடியில் ஐந்து சென்டிமீட்டர் நார்க்கழிவு, அதன்மேல் ஒரு சாண் உயரத்துக்குத் தளர்வாகச் சருகு. நார்க்கழிவைக் கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. சருகு உலர்ந்தே இருக்கட்டும்.

நிறம் மாறிய புழுவை இதில் விட்டு, துணி கட்டி, மேலே செய்தித்தாள் போட்டு இருட்டாக்குங்கள். ஒரு வாளிக்கு ஒன்று என்றால் நல்லது. இரண்டு விட்டால், பின்னால் வந்தது முன்னால் கூடு கட்டியதைக் குடைந்துவிடும்.

பிறகு ஏழு நாள் திறக்காதீர்கள். உள்ளே புழு சுருங்கி, கடைசியாக ஒருமுறை தோல் உரித்துக் கூட்டுப்புழு ஆகும். உரித்த முதல் நாள் அதன் மேல்தோல் வெண்ணெய்போல் இருக்கும். அன்றைக்குச் சருகைக் கிளறிப் பார்த்தவர்களுக்கு ஓரம் நசுங்கிய கூட்டுப்புழுவும், இரண்டு வாரம் கழித்து இறக்கை ஒட்டிய பூச்சியும் கிடைக்கும்.

11. கூட்டுப்புழு இருக்கும் நாட்கள்

எட்டாம் நாள் சருகை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் நீளத்தில், வெளிர்பழுப்பாக, பக்கத்தில் கறும்புள்ளி வரிசையோடு கூட்டுப்புழு இருக்கும். உயிருள்ளது கனமாக இருக்கும்; தொட்டால் வால்பக்கம் நெளியும். லேசாக, நெளியாமல், அமுங்கினால் அது போய்விட்டது.

இருந்த இடத்திலேயே விட்டுவிடலாம், அதுவே எளிது. நார்க்கழிவின் ஓரமாக இரண்டு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், கூட்டுப்புழுமேல் நேராக அடிக்காமல். ஏசி அறையில் வைத்தால் காய்ந்துபோகும். காய்ந்த கூட்டுப்புழுவிலிருந்து பூச்சி தோலைக் கிழித்து வர முடியாமல் பாதியில் மாட்டிக்கொள்ளும். ஈரம் கூடினால் பூஞ்சை. பிழிந்து பார்க்கும் அதே சோதனைதான் இங்கேயும்.

நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும். மார்கழிக் குளிரில் இன்னும் சில நாள் நீளும். மூன்று வாரம் ஆனாலும் நெளிகிறது என்றால் காத்திருங்கள்.

12. வெளிவரும் இரவு

கூடான பத்தாம் நாளுக்குள் வாளியின் உட்சுவரைச் சுற்றிக் கொசுவலைத் துணி அல்லது சாக்குத்துணி ஒட்டுங்கள், கூடவே சொரசொரப்பான குச்சி இரண்டைச் சாய்த்து வையுங்கள். சருகிலிருந்து மூடிவரை இருபது சென்டிமீட்டராவது வெற்றிடம் வேண்டும்.

காரணம் இதுதான். கூட்டை விட்டு வரும் பூச்சியின் இறக்கை விரல்நகம் அளவுக்குச் சுருங்கி ஈரமாக இருக்கும். அது மேலே ஏறித் தொங்கினால்தான் உடம்பு நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்க முடியும். வழுவழுப்பான பிளாஸ்டிக்கில் ஏறி ஏறி விழுந்தால் அரை மணி நேரத்தில் இறக்கை மடிந்தபடியே கெட்டியாகும். பிறகு விரியவே விரியாது. ஒரு மாத உழைப்பு ஒரு முழத் துணி இல்லாததால் வீணாகும் இடம் இது.

முந்தின நாள் கூட்டுப்புழு கறுத்து, உள்ளே பச்சையும் ரோஜா நிறமுமாக இறக்கைப் பட்டைகள் மங்கலாகத் தெரியும். அதன்பின் தொடவே தொடாதீர்கள். வெளிவருவது பெரும்பாலும் இரவில். விரிந்ததும் இறக்கைக்கு இறக்கை ஒன்பது முதல் பதினொரு சென்டிமீட்டர் இருக்கும். வாலிலிருந்து கலங்கலாக நீர் சொட்டும். கூட்டுப்பருவத்தின் கழிவுதான், ரத்தம் அல்ல. கீழே செய்தித்தாள் விரித்திருந்தால் தரை தப்பும்.

இறக்கை விரிந்தாலும் கெட்டியாகச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் கையில் ஏற்றிப் படம் எடுக்க ஆசைப்பட்டால் இறக்கையின் செதில் விரலில் ஒட்டிக்கொண்டு வரும்.

13. விடுவது

அதே இரவு பின்னேரத்திலோ அடுத்த நாள் அந்தி சாய்ந்த பிறகோ விடுங்கள். பகலில் விட்டால் காக்கையும் கரிச்சானும் மைனாவும் ஐந்து நிமிடம்கூடத் தராது. தெருவிளக்கின் கீழும் விட வேண்டாம், விடியும்வரை அதையே சுற்றிவிட்டுக் கீழே விழுந்து கிடக்கும். விளக்கில்லாத பக்கம், செடி மறைவில், குச்சியோடு எடுத்து வையுங்கள்.

பறக்குமுன் இறக்கையை ஒரு நிமிடமோ அதற்கு மேலுமோ படபடவென்று நடுக்கும். பயமோ வலியோ இல்லை. பறக்கும் தசையைச் சூடாக்குகிறது. அப்போது பிடித்துத் தூக்கிப் போடாதீர்கள், நேரம் வந்ததும் தானே எழும்பும்.

வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. அட்லஸ் போன்ற சில பெரிய அந்துப்பூச்சிகளுக்குச் சாப்பிட உதவும் வாய் இல்லை, சாப்பிடாமல் இருந்து முடிந்துவிடும். இது அப்படியில்லை, அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் குடிக்கும். வாளிக்குள் அப்படி நிற்க இடம் கிடையாது, இறக்கை கிழியும். மல்லிகையும் பவளமல்லியும் பூத்திருக்கும் தோட்டம் பக்கத்தில் இருந்தால் அங்கே விடுங்கள்.

இறக்கை கோணிய பூச்சி பறக்காது. அதை வைத்துக்கொள்வதானால், பத்துப் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு சர்க்கரை கரைத்துப் பஞ்சில் நனைத்து, சுருண்ட உறிஞ்சுகுழலைக் குண்டூசியால் மெல்ல நீட்டிப் பஞ்சில் வையுங்கள். ஒருமுறை ருசி கண்டால் அடுத்த நாள் தானே நீட்டும். தினம் அந்தியில் ஒருமுறை போதும்.

வாளியைக் காலிசெய்து, நார்க்கழிவைச் செடியடியில் கொட்டி, துணியையும் பிரஷ்ஷையும் பிளீச்சிங் தண்ணீரில் போட்டுக் காயவையுங்கள். நந்தியாவட்டை மொட்டையாகத்தான் நிற்கும். அடுத்த மழைக்குத் தளிர்த்துவிடும்.